முள் ஏறும் நேரம்

பழைய டிராக்டர் இன்ஜின் ஒன்றை அக்கக்காகப் பிரித்து, போர் போட்டு, கிராங்க் அரைத்து, பேரிங் மாற்றித் திரும்பப் பூட்டி முடித்த அன்றைக்குப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் வந்து நிற்பது முதல் வெடிச் சத்தத்துக்காக. புகை வர வேண்டும், கொட்டகை அதிர வேண்டும். என் கண் போகிற இடம் வேறு. ஸ்டீயரிங்குக்குக் கீழே தகரப் பலகையில் பதித்த சின்ன வட்டக் கண்ணாடிக்குள் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் சுழியத்தில் படுத்திருக்கும். டீசலை அடைத்துவிட்டு, இன்ஜினைப் பற்றவிடாமல், செல்ஃப் மட்டும் அடிப்பார்கள். முள் ஒரு நூல் நகரும், நின்று யோசிக்கும், பிறகு ஏறும். இன்ஜினில் நடக்கும் வேலைகளிலேயே அழகானது இதுதான் என்பேன். வெடிச் சத்தம் டீசலுக்குக் கிடைக்கும் வெற்றி. முள் ஏறுவது அந்த இன்ஜினைத் தொட்ட அத்தனை கைகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் மதிப்பெண்.

இந்த அழகு கூடித் தெரியும் இடம் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஒரு தனி உலகம்: மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், காபி, பலா, அன்னாசி, சரிவுகளில் மரவள்ளி, பள்ளங்களில் படிப்படியாக நெல் வயல், இன்னமும் கைவிடாத சாமையும் கேழ்வரகும். வயல்கள் சிறியவை, வரப்புகள் வளைந்தவை. பெரிய வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. சின்ன, பழைய டிராக்டர்தான் இங்கே தோது. அது ஓய்ந்து போனால் இறக்கிச் சரிசெய்து மறுபடியும் ஏற்றுவார்கள். வேலையில் ஒரு பிசகு நேர்ந்தால், திரும்ப 70 வளைவு இறங்கி, திரும்ப 70 வளைவு ஏற வேண்டும். அதனால் இங்கே நல்ல மெக்கானிக்கின் கை அவசரப்படாது.

தமிழ்நாட்டில் பழைய டிராக்டர் என்றதும் கண்முன் வருவது சிவப்பு மேசி பெர்குசன். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் வீடுவீடாகக் கொண்டு சேர்த்த வண்டி. அதன் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜினைச் செய்து தந்தது சிம்சன். 1840-இல் மதராசில் குதிரை வண்டி செய்யும் பட்டறையாகத் தொடங்கிய அதே சிம்சன்தான். அந்த இன்ஜினின் பூர்வீகம் இங்கிலாந்தின் பீட்டர்பரோ. 1932-இல் பிராங்க் பெர்க்கின்ஸ் அங்கே தொடங்கிய கம்பெனி. 1959-இல் மேசி பெர்குசன் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. பெர்க்கின்ஸ் 3.152 என்ற பெயரில் முதல் எண் சிலிண்டர்களின் எண்ணிக்கை, அடுத்தது கன அங்குலக் கொள்ளளவு. நம் கணக்கில் சுமார் இரண்டரை லிட்டர். போர் 91.44 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 127 மில்லிமீட்டர். நெடிய ஸ்ட்ரோக், நிதானமான சுற்று, தடித்த வார்ப்பு. நான்கு மெயின் பேரிங், மூன்று பிக்-எண்ட் பேரிங். இந்த ஏழு பேரிங்குகளின் கதைதான் ஆயில் பிரஷரின் கதையும்.

ஆயில் பிரஷரைப் பம்ப் உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். பம்ப் உண்டாக்குவது ஓட்டத்தை மட்டுமே. சுற்றுக்கு இவ்வளவு என்று எண்ணெயை அள்ளி முன்னே தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. தள்ளிய எண்ணெய் தடையில்லாமல் வழிந்து போனால் மீட்டரில் ஒன்றும் காட்டாது. போகிற வழியெல்லாம் நெருக்கமாக இருந்து, எண்ணெய் முட்டி மோதி நுழைந்து வெளியேற வேண்டியிருந்தால் அந்த நெருக்கடிக்குப் பெயர்தான் பிரஷர். கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே விட்ட இடைவெளிதான் அந்த நெருக்கடியைத் தருகிறது. ஆகவே முள் சொல்லும் எண், இன்ஜினுக்குள் கண்ணுக்குத் தெரியாத எல்லா இடைவெளிகளின் கூட்டுக் கணக்கு. ஒற்றை எண்ணில் இத்தனை விஷயத்தை அடக்கிச் சொல்லும் கருவி பட்டறையில் வேறொன்று இல்லை.

அந்த இடைவெளி எவ்வளவு? பட்டறையில் இதை ‘தவு’ என்று பேசுவார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷாஃப்ட்டின் விட்டம் ஓர் அங்குலம் என்றால் ஒரு தவு இடைவெளி என்பது பழைய பட்டறைக் கணக்கு. இந்த இன்ஜினின் மெயின் ஜர்னல், அதாவது மெயின் பேரிங்குக்குள் சுழலும் கிராங்க்கின் பகுதி, ஏறத்தாழ இரண்டே முக்கால் அங்குலம். ஆக, இடைவெளி மூன்று தவு அளவில் இருக்க வேண்டும். நம் தலைமயிர் ஒன்றின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். அது நான்கு தவு ஆனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். எண்ணெய்க் கசிவு இடைவெளியின் கன மடங்கில் கூடும். மூன்று நான்கானால் கசிவு இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிடும். மூன்று ஆறானால் எட்டு மடங்கு. தேய்ந்த இன்ஜினில் முள் படுத்துவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. நன்றாக அரைத்துப் பூட்டியதும் அதே பழைய பம்ப்கூட நிமிர்ந்து காட்டுவதற்குக் காரணமும் இதே கணக்கு.

கிராங்க் அரைப்பது மலைமேல் நடக்கிற வேலை அன்று. சாக்கில் சுற்றிய கிராங்க் சரக்கு வேனில் ஏறி ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ இறங்கும். லாரி பாடி கட்டுவதில் பேர்போன நாமக்கல்லில் இன்ஜின் வேலைக்காரர்களுக்கும் குறைவில்லை. கிரைண்டிங் மெஷினில் பூட்டி, முன்பு தேய்ந்து நீள்வட்டமான ஜர்னலைத் திரும்ப வட்டமாக்குவார்கள். பத்து தவு, இருபது, முப்பது என்று படிப்படியாகத்தான் குறைக்க முடியும். அந்தந்த அளவுக்கே பேரிங் கிடைக்கிறது. நல்ல கிரைண்டிங்கை அடையாளம் காண மைக்ரோமீட்டர் வேண்டும். ஆனால் மைக்ரோமீட்டர் சொல்லாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ஜர்னல் பக்கச்சுவரைத் தொடும் மூலை. அங்கே கூரான மடிப்பு விடாமல் மெல்லிய வளைவு விட்டிருக்க வேண்டும். கூராக விட்டால் கிராங்க் பிற்பாடு அந்த இடத்தில்தான் முறியும். மற்றொன்று, எண்ணெய்த் துளையின் வாய். அரைத்ததும் அது கத்திபோல நிற்கும். அதை மழுக்கி, விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்படி செய்திருக்க வேண்டும். கிராங்க்கைக் கையில் வாங்கியதும் நல்ல மெக்கானிக் விரலை வைத்துப் பார்ப்பது இந்த இரண்டு இடங்களில்தான்.

அடுத்தது கழுவுவது. கிராங்க்கின் உள்ளே மெயினிலிருந்து பிக்-எண்டுக்குச் சாய்வாகத் துளைத்த வழிகள் உண்டு. அரைத்த மண்ணும் இரும்புப் பொடியும் அதற்குள் போய் ஒளிந்திருக்கும். பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் பெரிய எண்ணெய்க் கால்வாய்க்கு ‘கேலரி’ என்று பெயர். அதன் முனை அடைப்பைக் கழற்றி, நீளப் பிரஷ் விட்டு, டீசலில் அலசி, ஏர் அடித்து, வெள்ளைத் துணியை நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். துணி வெள்ளையாக வரும்வரை இது தொடரும். வேஸ்ட் என்னும் நூல் கழிவை இங்கே தொடவே கூடாது. ஒரு நூலிழை கேலரிக்குள் தங்கினால் ஏதோ ஒரு பேரிங்கின் வாயில் போய்ப் படுத்துக்கொள்ளும். கழற்றிய அடைப்பை மறக்காமல் திரும்பப் போடுவதும் இந்த வேலையில் சேர்த்தி. அதை மறந்து பூட்டினால் எண்ணெய் அந்தத் துளை வழியாகவே அடித்தொட்டியான சம்ப்புக்குத் திரும்பிவிடும். பூட்டிய பிறகு வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

எண்ணெய் போகும் வழியை ஒருமுறை நடந்து பார்த்தால் இதன் நயம் முழுதாகப் புரியும். சம்ப்பின் அடியில் சல்லடை. அதிலிருந்து உறிஞ்சு குழாய். முன் மெயின் பேரிங் மூடியில் பொருந்திய பம்ப். அங்கிருந்து ஃபில்டர். ஃபில்டரிலிருந்து கேலரி. கேலரியிலிருந்து நான்கு மெயின் பேரிங்குகள். கிராங்க்குக்குள் புகுந்து மூன்று பிக்-எண்டுகள். இன்னொரு கிளை கேம்ஷாஃப்ட்டுக்கும், அங்கிருந்து தலைக்கு மேலே ராக்கர்களுக்கும். பிக்-எண்டின் ஓரத்தில் பிதுங்கும் எண்ணெய் சுழற்சியில் சிதறி லைனர் சுவரையும் பிஸ்டன் பின்னையும் நனைக்கும். கடைசியில் எல்லாம் சொட்டிச் சம்ப்புக்கே வந்து சேரும்.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாய் வழியே போய், மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். கொல்லிமலைக் கொட்டகையில் எண்ணெயின் வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்புதான் நினைவுக்கு வரும். ஒரே உந்துதல், வரிசையாகப் பல உடல்கள், கடைசி இலக்கையும் தொட்டால்தான் வில்லின் வலிமை மெய்ப்படும். ராக்கரின் நுனியில் எண்ணெய் பளபளத்தால்தான் பம்பின் உந்துதல் முழுமை பெற்றதாகும்.

பம்பைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள். வெளி ரோட்டரில் உள் ரோட்டரைவிட ஒரு பல் அதிகம். அந்த ஒரு பல்லின் வித்தியாசத்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும்போது நடுவே ஓர் அறை விரிகிறது, பிறகு சுருங்குகிறது. விரியும் பக்கம் எண்ணெய் நுழையும். சுருங்கும் பக்கம் பிதுங்கும். இந்தத் தள்ளலுக்கு வால்வு தேவையில்லை, ஸ்பிரிங் தேவையில்லை. வடிவமே வேலை செய்கிறது. இரண்டு ரோட்டருக்கும் நடுவே, வெளி ரோட்டருக்கும் உடம்புக்கும் நடுவே, ரோட்டரின் முகத்துக்கும் மூடிக்கும் நடுவே என்று ஃபீலர் கேஜ் மூன்று இடத்தில் நுழையும். மூன்றும் தவுக் கணக்குதான்.

இவ்வளவு நேர்த்தியான பம்ப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. காய்ந்திருந்தால் அதற்குக் கையாலாகாது. பம்ப் எண்ணெயை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் பம்ப் தன் வாயில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறது, வெளிக்காற்றுதான் எண்ணெயைக் குழாயில் மேலேற்றுகிறது. கொல்லிமலையின் உயரத்தில் அந்த வெளிக்காற்றின் அழுத்தமே சமவெளியைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அதனால் பாதகம் இல்லை. சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ காற்று இங்கும் இருக்கிறது, ஒரு சாண் குழாயில் எண்ணெயை ஏற்ற அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உலர்ந்த ரோட்டர்களின் இடுக்கில் காற்று தாராளமாகத் திரும்பி வழியும். எண்ணெயைவிடக் காற்று ஆயிரக்கணக்கான மடங்கு இளகியது. மூன்று தவு இடுக்கு எண்ணெய்க்குச் சுவர், காற்றுக்கு வாசல். ஆக, எண்ணெயை ஏற்றுவதற்கு முன்னாலேயே பம்புக்குள் எண்ணெய் இருந்தாக வேண்டும். முதல் துளியைக் கையால்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது.

பூட்டும்போதே பம்பில் எண்ணெய் ஊற்றிச் சுற்றி வைப்பார்கள். உடனே ஸ்டார்ட் செய்யாமல் இன்ஜின் சில நாள் கிடக்கப் போகிறது என்றால் எண்ணெய் வடிந்துவிடும். அதற்காக ரோட்டர் இடுக்குகளில் வாசலின் அப்பி வைப்பது பழைய கைமுறை. வாசலின் வடியாது, உறிஞ்சும் வேளை வரும்வரை இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கும், எண்ணெய் சூடாகி வந்ததும் கரைந்து அதோடு கலந்துவிடும். தன் வேலை முடிந்ததும் தடமில்லாமல் மறைந்துபோகிற பொருளை இந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்த அந்த முதல் மெக்கானிக் யாரோ, அவரை நான் மனதார மெச்சுகிறேன்.

இதைவிடவும் அழகான ஒரு முறை உண்டு. சம்ப்பைப் போடுவதற்கு முன், மீட்டர் குழாய் பொருந்தும் துளை வழியாக, காற்றழுத்தம் ஏற்றிய சிறு எண்ணெய் டப்பாவிலிருந்து கேலரிக்குள் எண்ணெயைத் தள்ளுவது. இன்ஜினுக்குக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் பேரிங் ஒவ்வொன்றின் ஓரத்திலும் எண்ணெய் பொட்டு வைப்பது தெரியும். நான்கு மெயின், மூன்று பிக்-எண்ட். உதவிக்கு நிற்கும் பையன் கிராங்க்கை மெல்லச் சுற்றிக்கொடுக்க, ஒவ்வொன்றும் தன் முறைக்குச் சொட்ட ஆரம்பிக்கும். சொட்டு சொட்டாக விழுந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் தாரையாக ஊற்றினால் அந்த இடைவெளி அதிகம். ஒன்று மட்டும் காய்ந்தே நின்றால் அதன் வழி அடைபட்டிருக்கிறது.

காய்ந்து நிற்கும் அந்த ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெயின் பேரிங் இரண்டு அரைவட்டத் தகடுகளாக வரும். மேல் தகட்டில் எண்ணெய்த் துளை இருக்கும். கீழ்த் தகடு மூளியாக இருக்கலாம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் துளை அடைந்து அந்த ஜர்னலுக்கு ஒரு சொட்டும் போகாது. ஆனால் மீட்டரில் என்ன காட்டும்? கசிவு குறைந்ததால் முள் வழக்கத்தைவிட உயரத்தில் நிற்கும். பிரஷர் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்து ஓட்டினால் சற்று நேரத்தில் பேரிங் உருகிவிடும். முள் பொய் சொல்வதில்லை. அது கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லும். தனித்தனிக் கணக்கைக் கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும். சொட்டுகளை எண்ணும் பொறுமை உள்ளவருக்கே முள்ளை நம்பும் உரிமை உண்டு.

இனி அந்த நேரம். சம்ப் பூட்டியாயிற்று. புது ஃபில்டரில் முடிந்தமட்டும் எண்ணெய் ஊற்றி நிரப்பி மாட்டியாயிற்று. காலி ஃபில்டர் என்பது பம்ப் வீணாக நிரப்ப வேண்டிய இன்னொரு பாத்திரம். பழைய ரப்பர் வளையத்தைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட்டிருக்கிறார்களா என்று இன்னொரு முறை பார்க்கிறார்கள். டிப்ஸ்டிக்கில் அளவு சரி, அதுவும் சமதளத்தில் நிறுத்திப் பார்த்த அளவு. டீசல் நிறுத்தும் கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறது. இன்ஜெக்டர்கள் மூன்றும் கழற்றி வெளியே. கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்குகளின் மேல் பாரம் இல்லை. கிராங்க் லேசாகச் சுற்றும், செல்ஃப் மோட்டாருக்கும் நோவு இல்லை.

மீட்டரின் முதுகில் செம்புக் குழாய் வந்து சேரும் நட்டை மெக்கானிக் பெரியவர் அரைச் சுற்றுத் தளர்த்தி வைக்கிறார். குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். பையன் செல்ஃப் அடிக்கிறான். பத்து விநாடி, கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மோட்டார் சூடாகும் என்று நிறுத்தி ஆறவிட்டு மறுபடி அடிக்கிறான்.

“ஏறுதுங்களாண்ணா?”

“இரு கண்ணு. எண்ணெ வழியிலதான் இருக்குது.”

தளர்ந்த நட்டின் ஓரத்தில் முதலில் ஒரு மெல்லிய சீறல், காற்று. பிறகு நுரைத்த சிறு குமிழிகள், இளம்பழுப்பு நிறத்தில். குமிழிகளுக்கு நடுவே கொஞ்சம் எண்ணெய். எண்ணெய்க்கு நடுவே கொஞ்சம் குமிழி. கடைசியில் குமிழியே இல்லாத, தேன் நிறத்து, தெளிந்த ஒரே இழை. பெரியவர் ஸ்பானரை வைத்து நட்டை இறுக்குகிறார். அடுத்த முறை செல்ஃப் அடித்ததும் செல்ஃபின் சத்தமே மாறுகிறது. சலசலவென்று சுற்றிக்கொண்டிருந்த கிராங்க், எண்ணெய் போர்த்திய பிறகு குரல் தாழ்ந்து கனமாகச் சுற்றுகிறது. காதால் கேட்டவர்களுக்கு முள்ளைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் பார்க்கிறோம். முள் ஒன்றரை கிலோவைத் தொட்டு நடுங்கி நிற்கிறது.

அந்த மீட்டரும் ஒரு கலைப்பொருள். 1849-இல் பிரான்சின் யூஜின் பூர்தோன் கண்டுபிடித்த அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. வளைத்த தட்டைக் குழாய் ஒன்று. உள்ளே அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அதன் நுனி மயிரிழை நகர்வதைச் சின்னப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளுக்குத் தரும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கேலரியில் இருக்கும் அதே எண்ணெயின் அழுத்தம் செம்புக் குழாயின் வழியே வந்து ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே நிற்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைவதில் இந்த நெருக்கம் கிடையாது.

முள் ஏறவில்லை என்றாலும் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மீட்டரையே சந்தேகிக்க வேண்டும்: குழாயைக் கழற்றி எண்ணெய் வருகிறதா என்று பார்ப்பது. அடுத்து ஃபில்டரின் வாய். பிறகு ரிலீஃப் வால்வு. பிரஷர் எல்லை மீறும்போது திறந்துவிடும் அந்தச் சிறு பிளஞ்சரின் அடியில் ஒரு மண் துகள் சிக்கினாலும் அது மூடாமலேயே நிற்கும். கடைசியில் உறிஞ்சு குழாயின் இணைப்பு. அங்கே எண்ணெய் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே நுழையும். அதனால் நனைந்த தடம் எதுவும் இருக்காது. எண்ணெயின் வழியை மனதில் வைத்து மீட்டரிலிருந்து சல்லடை வரை பின்னோக்கி நடக்கும் தேடல் இது. எளிதில் கழற்றக் கூடியதை முதலிலும், சம்ப்பை இறக்கிப் பார்க்க வேண்டியதைக் கடைசியிலும் வைப்பதில் அனுபவம் தெரிகிறது. முள் ஏறாத இன்ஜினைப் பற்றவைத்துப் பார்க்கலாம் என்ற ஆசைக்கு மட்டும் அங்கே இடமில்லை.

முள் ஏறிய பிறகு பேரிங்குக்குள் நடப்பது, ஏறியதைவிட வியப்பானது. மீட்டர் காட்டுவது இரண்டு, மூன்று, நான்கு கிலோ. பிஸ்டனின் மேல் டீசல் வெடிக்கும்போது வரும் அடி அதைவிடப் பற்பல மடங்கு. அப்படியென்றால் கிராங்க்கைத் தூக்கிப் பிடிப்பது எது? 1883 வாக்கில் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேரிங்கின் மேலிருந்த எண்ணெய்த் துளையிலிருந்து எண்ணெய் பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டை மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. அங்கே பிரஷர் கேஜை வைத்துப் பார்த்தால், பேரிங்கின் மேல் ஏற்றிய சராசரிப் பாரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. பம்ப்பே இல்லாத பேரிங் அது. சுழலும் அச்சு தானே எண்ணெயை ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுத்துச் சென்று, அந்த அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு, அதன்மேல் மிதந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார்.

நம் டிராக்டரின் கிராங்க்கும் அப்படியே மிதக்கிறது. ஜர்னல் பேரிங்கின் நடுவில் நிற்பதில்லை. ஒரு பக்கம் சற்றே ஒதுங்கி நிற்கும். அந்த ஒதுக்கத்தில்தான் ஆப்பு வடிவ இடுக்கு பிறக்கிறது, இடுக்கில்தான் தாங்கும் வலிமை பிறக்கிறது. மீட்டரில் தெரியும் மூன்று கிலோ செய்வது ஒன்றே: அந்த இடுக்கின் வாய்க்கு எண்ணெயைக் குறைவில்லாமல் கொண்டுபோய்க் கொடுப்பது. இரும்பு இரும்பைத் தொடாமல் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடுவதற்கு நடுவே இருப்பது தலைமயிரைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம்தான்.

இன்ஜெக்டரைப் பூட்டி, டீசலைத் திறந்து, இன்ஜின் பற்றிய பிறகு முள் சட்டென்று மேலே போகும். கொல்லிமலையின் மார்கழிக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். முள் நான்கு கிலோவைத் தாண்டி நிற்க, ரிலீஃப் வால்வு தன் வேலையைத் தொடங்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உயரத்தில் குளிருக்குப் பெரும்பங்கு உண்டு. உண்மையான மதிப்பெண் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கிடைப்பது. 40 டிகிரியில் இருக்கும் எண்ணெய் 100 டிகிரிக்குப் போனால் அதன் கெட்டித்தன்மை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த இளகிய எண்ணெயையும் பிடித்து வைக்கும் அளவுக்கு இடைவெளிகள் நேர்த்தியாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. இந்தக் குடும்பத்து இன்ஜினுக்கு, சூடான நிலையில் முழு வேகத்தில் 30 முதல் 60 பவுண்டு, அதாவது இரண்டிலிருந்து நான்கு கிலோ வரை இருந்தால் நிம்மதி. வேகத்தைக் குறைத்து ஐடிலில் விட்டால் முள் தாழும். எவ்வளவு தாழ்கிறது, தாழ்ந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறதா என்பதைப் பார்த்துத்தான் மெக்கானிக் கையைத் துடைக்கிறார்.

அதற்கு மேலும் ஒரு பரீட்சையை இந்த மலை வைக்கிறது. சரிவில் உழும்போது சம்ப்பில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். வளைவில் மூக்கை உயர்த்தி ஏறும்போது பின்னே போகும், இறங்கும்போது முன்னே வரும். அளவு ஒரு விரல் குறைந்திருந்தால் சல்லடையின் வாய் ஒரு கணம் காற்றைக் குடிக்கும். முள் துள்ளிக் காட்டும். சமவெளி வண்டியில் தெரியாமலே போகக்கூடிய ஒரு குறை, கொல்லிமலையில் முதல் சரிவிலேயே வெளிப்பட்டுவிடும். அனுபவமுள்ள ஓட்டுநர் ஏற்றத்தில் சாலையைப் பார்க்கும் பார்வையில் ஒரு பங்கை அந்த முள்ளுக்கு ஒதுக்கி வைத்திருப்பார்.

ஒரு முள்ளின் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். துளையின் வாயை மழுக்கிய நாமக்கல் கிரைண்டிங்காரர், வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை கேலரியை அலசிய பையன், எந்தத் தகடு மேலே எந்தத் தகடு கீழே என்று விரலால் தடவிப் பார்த்துப் பூட்டிய பெரியவர், பீட்டர்பரோவில் அந்த வழிகளை வரைந்தவர்கள், சென்னையில் அதை வார்த்தவர்கள். இவர்களில் ஒருவர் அலட்சியப்பட்டிருந்தாலும் முள் உடனேயோ பிறகோ காட்டிக்கொடுத்திருக்கும். வண்டியை மெருகேற்றிச் சாயம் பூசினால் கண்ணுக்கு அழகாகிவிடும். அதைக் காசு கொடுத்து வாங்கலாம். சூடான இன்ஜினில், தாழ்ந்த ஐடிலில், அசையாமல் நிற்கும் முள்ளை அப்படி வாங்க முடியாது. அதை ஒவ்வொரு தவுவாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. பழைய இன்ஜின் ஒன்றைப் புதுப்பித்தவர் வீட்டுக்குப் போனால் சாயத்தைப் பாராட்டுவதற்கு முன், வண்டி சூடாக இருக்கும்போது பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். அவர் செய்த வேலைக்கு உரிய மரியாதை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.